கப்பல் பேரேட்டில் இல்லாத நாட்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் அதைத் தம் தாயாரின் நினைவாக நிறுவியிருக்கிறார். அந்த அம்மையார் கடைசிவரை கைநாட்டு வைத்தவர் என்று அழைப்பிதழோடு வந்த குறிப்பில் படித்தேன். படித்தவுடனே இன்று எதைப் பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். கைநாட்டு வைத்துக் கப்பலேறிய பெண்களைப் பற்றியும், அவர்களைக் கதையாக எழுத முயன்றவர்களைப் பற்றியும் பேசப் போகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிச் சென்ற ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பேரேடு உண்டு. ஆளுக்கு ஒரு வரி. காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். அவ்வளவுதான். அந்தப் பேரேடுகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றின் வாய்பாட்டில் ஒரு வரியை நானே எழுதிக் காட்டுகிறேன். குறிப்பிட்ட எந்தப் பெண்ணையும் இது சுட்டவில்லை: “வயது 22. பெண். ஜில்லா தென்னார்க்காடு. உயரம் 4 அடி 10 அங்குலம். இடது முன்கையில் பச்சை.”

கடைசி மூன்று சொற்களில் கொஞ்சம் நிற்போம். குமாஸ்தா அதை எழுதிய காரணம் எளியது. தோட்டத்தைவிட்டு ஓடிப்போனால் பிடித்து அடையாளம் காட்ட வேண்டும். பச்சை அவருக்கு ஒரு தழும்பு மாதிரி. ஆனால் நம் வீட்டுப் பெண்களுக்குப் பச்சை என்பது என்ன? மஞ்சளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி எரித்து, கவிழ்த்த சட்டியில் படியும் கரியை வழித்தெடுப்பார்கள். அதைக் குழைக்கத் தண்ணீர் விடுவார்கள், அல்லது தாய்ப்பால் விடுவார்கள். ஊசி இறங்கும்போது குழந்தை கையை இழுத்துக்கொள்ளாமல் இருக்கக் குறத்தி பாட்டுப் பாடுவாள். அம்மாவோ அத்தையோ தோளைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சமயம் கைக்குழந்தை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியின் பால், இந்தப் பெண்ணின் கையில் கலந்து, உறைந்து, இந்துமாக்கடலைத் தாண்டியிருக்கிறது. பேரேட்டில் இதற்கு ஒரு பத்தி கிடையாது. வரலாற்றுப் புனைவு எழுத வருபவர் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் சில செய்திகள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு புறப்பட்டு நவம்பர் 16 அன்று போர்ட் நேட்டாலை அடைந்தது. இன்றைய டர்பன். அப்போது சென்னையில் துறைமுகம் கட்டப்படவில்லை. கப்பல் ஆழ்கடலில் நிற்கும். கரையிலிருந்து மசூலாப் படகில் ஏறி அலையைக் கடந்து போக வேண்டும். பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. கடலையே பார்த்திராத உள்நாட்டுப் பெண்ணுக்கு முதல் அலையிலேயே முழங்கால்வரை தண்ணீர் ஏறியிருக்கும். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் சொன்னார்களே, அந்த 1876–78 பஞ்சமும் இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஆணுக்கு முதல் ஆண்டு மாதம் பத்து ஷில்லிங். பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் வழக்கம் 1870களின் தொடக்கம்வரை இருந்தது. தலைவலியும் மாதவிலக்கும் பிள்ளைக் காய்ச்சலும் யாருக்கு அதிகம் என்று யோசித்தால், இந்த இரட்டைப் பிடித்தம் யார் மடியில் போய் விழுந்திருக்கும் என்று புரியும். தோட்டத்தைவிட்டு இரண்டு மைலுக்கு அப்பால் போக எஜமானின் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் போனால் சிறை. எஜமானைப் பற்றிப் புகார் சொல்லவும் அந்த வழியேதான் நடக்க வேண்டும்.

நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அந்த எண்ணிக்கை சேர்ந்தால்தான் கப்பல் கிளம்பும். அதனால் ஆள் பிடிப்பவர்கள் பெண்களைத் தேடிப் போனார்கள். திருவிழாக் கூட்டத்தில், சத்திரத் திண்ணையில், சந்தையில், கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்தவள், தாலி அறுத்தபின் சோறு எண்ணிப் போடப்பட்டவள், பஞ்சத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்கள். கல்கத்தாவிலிருந்து பிஜிக்குப் போன பெண்களின் பதிவுகளை வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் எண்ணிப் பார்த்தார். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான பெண்கள் கணவன் துணையின்றித் தனியாகப் போனவர்கள். இந்தக் கணக்கு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ஊர் எல்லையைத் தனியாகத் தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள், கடலைத் தனியாகத் தாண்டியிருக்கிறாள்.

சரி, இத்தனை ஆவணம் இருக்கிறதே, இதைக் கொண்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுத முடியாதா? பல ஆண்டு இந்தக் கேள்வியோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். நான் கண்டது இதுதான். ஆவணம் அவளைச் சந்திக்கும் நாட்கள் மிகக் குறைவு. கப்பலேறிய நாள். புகார் கொடுத்த நாள். குற்றம் சாட்டப்பட்ட நாள். அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த நாள். செத்த நாள். ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் 1,826 நாட்கள் இருக்கின்றன. அவற்றில் நாலைந்து நாட்களை, அதுவும் மிக மோசமான நாலைந்து நாட்களை, அரசாங்கம் எழுதி வைத்தது. மற்ற நாட்களை யாரும் எழுதவில்லை. அந்த நாலைந்து நாட்களையே பிடித்துக்கொண்டு நாவல் எழுதினால், அவளை அடித்தவன் கையில் இருந்த பேரேட்டையே நாமும் நகல் எடுத்தவர்களாகிறோம்.

குந்தி என்ற கூலிப் பெண்ணின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1912 ஏப்ரல் 10. பிஜியில் ரேவா ஆற்றுப் பக்கம் நாதேவாரா தோட்டம். மற்றப் பெண்களிடமிருந்து அவளைப் பிரித்து, ஆளரவமில்லாத வாழைத் தோப்பில் களையெடுக்க அனுப்புகிறார்கள். அங்கே வெள்ளைக்கார மேற்பார்வையாளன் வருகிறான். அவள் அவனிடமிருந்து உதறிக்கொண்டு ஓடி ஆற்றில் குதித்துவிடுகிறாள். பக்கத்தில் படகில் இருந்த ஜக்தேவ் என்ற சிறுவன் அவளைத் தூக்கிக் காப்பாற்றுகிறான். இந்தச் செய்தி 1913இல் ‘பாரத் மித்ரா’ பத்திரிகையில் வந்தது. இந்தியா கொதித்தது. பிஜி அதிகாரிகள் விசாரணை நடத்தினார்கள். விசாரணையில் குந்தியின் சொல்லை நம்பாமல் அவளுடைய நடத்தையையும் வேலையையும் குறைகூறினார்கள்.

தனிக்காட்டுக்கு அனுப்புவது என்ற அந்த ஒரு வேலை உத்தரவைக் கவனியுங்கள். கங்காணி முறை இருந்த தேயிலைத் தோட்டங்களிலும் பெண்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போதே, யாரை எந்த நிரைக்கு அனுப்புகிறார்கள் என்பதில் அன்றைய நாள் தீர்மானமாகிவிடும். கைநீட்டி அடித்தால் சாட்சி இருக்கும். ஒருத்தியைத் தனி நிரையில் விட்டால் சாட்சி இருக்காது. பெண்கள் கூட்டமாகவே வேலை செய்ய ஏன் அத்தனை போராடினார்கள் என்பதை இந்தக் கோணத்தில் எழுதிய கதையை நான் ஆசையோடு தேடுகிறேன்.

பிஜிக் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் படும் துயரைப் பற்றிப் பாரதி எழுதிய பாடல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சென்னையிலிருந்து பிஜிக்குக் கூலிகள் போகத் தொடங்கியது 1903இல். புதுச்சேரியில் அகதியாக இருந்த ஒரு கவிஞன், தன் கண்ணால் காணாத தீவில் அழும் பெண்களுக்காகத் தமிழில் அழுதான். அந்தப் பாடலை முழுதாக வாய்விட்டுப் படிக்க இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். பாடலின் வேலையை அது செய்து முடித்தது. ஆனால் அதற்குப்பிறகு நம் நினைவில் அந்தப் பெண் அழுதுகொண்டே நின்றுவிட்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனதை நாம் பார்க்கவில்லை. அதைப் பார்க்க வேண்டியது கதைக்காரனின் பொறுப்பு, கதைக்காரியின் பொறுப்பு.

நம் கதைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1935இல் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதினார். வாசவன்பட்டி மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பி, அங்கே அவள் உடம்பு என்ன ஆனது என்று கூசாமல் எழுதினார். நம் மொழியில் தோட்டத்துப் பெண்ணுக்கு முதலில் கிடைத்த பெரிய கதைகளில் ஒன்று அது. அதில் கருணையைவிடக் கோபம் அதிகம். அந்தக் கோபம் தேவையாக இருந்தது.

பிறகு 1964இல் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. பழமொழியிலிருந்து எடுத்த தலைப்பு. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. மலையகத் தோட்டங்களில் பெண்களிடையே வேலை செய்தவர் அவர். வள்ளி என்ற பெண்ணைத் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கண்டிச் சீமைக்குக் கூட்டிப்போகிறார். இந்த நாவலை நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் கூடுதலாகப் படித்திருக்க வேண்டும் என்பது என் மனக்குறை. ஒரு பெண் எழுதியதால் அதில் லயத்துக்குள்ளே இருக்கும் நேரம் கூடுதலாக வருகிறது. ஆண்கள் எழுதும் தோட்டக் கதை பெரும்பாலும் காட்டிலும் ஆபீசிலும் நடக்கும். லயத்தில் ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டுப் பத்துக் குடும்பம். யார் வீட்டுக் குழந்தை இருமுகிறது என்று சுவருக்கு இந்தப் பக்கம் தெரியும். யார் வீட்டில் அடி விழுகிறது என்றும் தெரியும். துரை அடித்தால் அது ஒடுக்குமுறை. புருஷன் அடித்தால் அது வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாத இடம் லயம். இரண்டு அடியும் ஒரே முதுகில்தான் விழுந்தன.

மூன்றாவது, டாக்டர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் அவர். தமிழில் இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று மொழிபெயர்த்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆனைமலைக்குப் போகும் கருப்பனும் வள்ளியும் அதில் வருகிறார்கள். இங்கே கடல் இல்லை, ஒப்பந்தப் பத்திரமும் இல்லை. மேஸ்திரி கொடுத்த முன்பணம் என்ற கடன்தான் விலங்கு. முன்பணம் வாங்கிய கை எத்தனை ஆண்டு கொழுந்து கிள்ளினாலும் கணக்கு நேராகாது.

கோகிலத்தின் நாயகி வள்ளி. டேனியலின் நாயகி வள்ளி. தென்னாப்பிரிக்கச் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று, தன் பதினாறாம் பிறந்த நாளில் உயிர்விட்டவள் வள்ளியம்மை. இதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிப் போக மனம் வரவில்லை. மலைச்சரிவில் பரண்மேல் நின்று கவண் சுற்றித் தினைப்புனம் காத்தவள் அல்லவா வள்ளி? உழைக்கும் பெண்ணுக்கு நம் புராணத்தில் ஒரு பெயர் தேடினால் முதலில் வருவது அவள்தான். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு தேயிலைச் சரிவிலும் கரும்புக் காட்டிலும் நம்மவர்கள் போனார்கள். காவல் மட்டும் கைமாறிவிட்டது. அங்கே அவளைக் காவல் காத்தார்கள்.

வள்ளியம்மை ஒப்பந்தக் கூலியல்ல என்பதையும் இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு சிறு வணிகரின் மகளாகப் பிறந்தவள். கூலிப் பெண்களுக்காகச் சிறை போனவள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இருவருடைய பெருமையும் மங்கிப்போகும்.

இனி எழுத்து முறை பற்றி. ஆவணம் வாய் மூடும் இடத்தில் எழுத்தாளர் என்ன செய்வது? எனக்குத் தெரிந்து இரண்டு பாதைகள் உண்டு. கயூத்ரா பகதூர் 2013இல் ‘கூலி வுமன்’ என்ற நூலை வெளியிட்டார். 1903இல் கல்கத்தாவிலிருந்து கர்ப்பிணியாகத் தன்னந்தனியே பிரிட்டிஷ் கயானாவுக்குக் கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவைத் தேடிப்போன நூல். அது நாவல் அல்ல. ஆவணம் தீர்ந்துபோகும் இடங்களில் அவர் கற்பனை செய்வதில்லை, கேட்கிறார். ஒரு கேள்வியை அடுத்து இன்னொரு கேள்வி, அதை அடுத்து இன்னொன்று. ஏமாற்றி ஏற்றினார்களா? ஓடிப்போனாளா? பிள்ளை யாருடையது? பதில் கிடைக்காத கேள்விகளை வரிசையாக அடுக்குவதே ஒருவகை அஞ்சலியாகிவிடுகிறது.

இன்னொரு பாதை நாவலின் பாதை. தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜோயன் ஜோசப் 2021இல் ‘சில்ட்ரன் ஆஃப் சுகர்கேன்’ எழுதினார். கிராமத்தில் பேசி முடித்த கல்யாணத்திலிருந்து தப்பி நேட்டாலுக்குப் போகும் சாந்தி என்ற பெண்ணின் கதை. இதற்கு முன்பே அமிதாவ் கோஷின் ‘சீ ஆஃப் பாப்பீஸ்’ 2008இல் வந்துவிட்டது. அதில் கணவனின் சிதையிலிருந்து மீட்கப்பட்ட தீத்தி மொரீஷியஸ் போகும் கப்பலில் ஏறுகிறாள். இந்த இரு நாவல்களிலும் நான் மதிப்பது ஒன்று. பெண்ணுக்கு ஆசை என்ற ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கடலைத் தாண்ட அவளுக்கும் ஒரு காரணம் இருக்கலாம். ஏமாந்து போனவள் மட்டுமல்ல அவள். இங்கே இருப்பதைவிட அங்கே போவது மேல் என்று கணக்குப் போட்டவளாகவும் இருக்கலாம். அந்தக் கணக்கு தவறிப்போனது என்பது வேறு. கணக்குப் போடத் தெரிந்தவள் என்பதை ஒப்புக்கொள்ளவே நமக்கு நூறு ஆண்டுக்குமேல் ஆகியிருக்கிறது.

இந்தப் பாதையில் ஒரு வழுக்குப் பாறையும் உண்டு. இளம் எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளை வாசிக்கும்போது அதை அடிக்கடி பார்க்கிறேன். 1880இல் கரும்பு வெட்டும் பெண் வாயில் இன்றைய மேடைப் பேச்சு வந்துவிடுகிறது. உரிமை, விடுதலை, சுயமரியாதை என்று அவள் பேசுகிறாள். அவள் அப்படி உணர்ந்திருக்க மாட்டாளா என்றால், உணர்ந்திருப்பாள். ஆனால் சொல் வேறாக இருந்திருக்கும். “எம் பிள்ளைக்குப் பால் கொடுத்துட்டுத்தான் நெரைக்கு வருவேன்” என்று ஒருத்தி வேலை மேற்பார்க்கும் சர்தாரிடம் சொல்லி நின்றிருந்தால், அந்த ஒரு வாக்கியத்தில் எல்லா உரிமையும் அடங்கிவிட்டது. நாவலாசிரியர் அந்த வாக்கியத்தோடு நிறுத்த வேண்டும். அவளுடைய பேச்சுக்கு விளக்கவுரை எழுதக் கூடாது.

மற்ற நாட்கள் என்று சொன்னேனே, அவற்றை எங்கிருந்து எடுப்பது? அடுப்பிலிருந்து எடுக்கலாம். அரிசி தின்று வளர்ந்தவள் கையில் நேட்டாலில் மக்காச்சோள மாவைக் கொடுத்தார்கள். முதல் வாரம் அவள் அதை என்ன செய்தாள்? கட்டி தட்டியிருக்கும், அடிப்பிடித்திருக்கும். பக்கத்து அறைக்காரி, ஓராண்டு முன்னால் வந்தவள், “இதைக் கேழ்வரகு மாதிரிக் கிண்டணும்டி” என்று சொல்லிக் கொடுத்திருப்பாள். அதன்பிறகு மக்காச்சோளத்தை நொய்யாக உடைத்துச் சோறுபோல ஆக்கக் கற்றுக்கொண்டார்கள். ‘மீலி ரைஸ்’ என்று டர்பன் இந்தியக் குடும்பங்களில் அந்தச் சோறு தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வழக்கமும் அங்கே நிலைத்திருக்கிறது. தமிழ் மறந்துபோன பேரப்பிள்ளைகள் அதை ‘போரிட்ஜ் பிரேயர்’ என்கிறார்கள். கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவு. அம்மன் அதே அம்மன்.

மவுண்ட் எட்ஜ்கூம்ப் என்று டர்பனுக்கு வடக்கே ஓர் ஊர். கரும்புத் தோட்ட ஊர். அங்கே 1890இல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் பெரிய திருவிழா எப்போது தெரியுமா? புனித வெள்ளி அன்று. தோட்டத்துக்கு விடுமுறை கிடைக்கும் நாள் அது. துரையின் கர்த்தர் உயிர்விட்ட நாளில், விடுப்பு உண்டு என்ற ஒரே காரணத்தால், நம் பெண்கள் மஞ்சள் புடவை கட்டி, கோழியும் தேங்காயுமாக அம்மனிடம் போயிருக்கிறார்கள். பங்குனியையும் சித்திரையையும் அவர்களால் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் நுழைக்க முடியவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே சிவப்பு மையிட்ட ஒரு நாளைப் பிடித்து, அதற்குள் பங்குனியைக் குடிவைத்தார்கள். கூலிகளின் நலம் பார்க்க அரசு நியமித்த பாதுகாவலரின் எந்த அறிக்கையிலும் இது வீரச்செயலாகப் பதிவாகவில்லை. என் கணக்கில் இது பெரிய வீரம். அந்தத் திருவிழாவின் முதல்நாள் இரவை ஒருவர் முழு அத்தியாயமாக எழுதட்டும். முளைப்பாரியை எங்கே மறைத்து வளர்த்தார்கள், மாவிளக்குக்கு அரிசியை எத்தனை வாரமாகச் சேமித்தார்கள், சாமியாடியவள் யார், சாமி வந்தபோது அவள் யார் பெயரைச் சொல்லித் திட்டினாள்? மற்ற நாளில் சொன்னால் தண்டனை கிடைக்கும் சொல்லை அன்று அம்மன் வாயால் சொல்லியிருக்க மாட்டாளா?

ஒப்பந்தம் முடிந்தபின் நடந்ததும் கதைக்குரியதே. குத்தகைக்குத் துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டுக் கூடையைத் தலையில் சுமந்து டர்பன் தெருக்களில் விற்ற பெண்கள் உண்டு. அவர்கள் நிமிர்ந்துவிடக் கூடாது என்றுதான் நேட்டால் அரசு 1895இல் மூன்று பவுன் தலைவரிச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு பதின்மூன்று வயதைத் தாண்டிய பெண்களுக்கும் அது நீண்டது. மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். பெண்ணின் முதல் ஆண்டுக் கூலி மாதம் ஐந்து ஷில்லிங். பன்னிரண்டு மாதத்துக்கு அறுபது. அவள் கப்பல் இறங்கி ஓர் ஆண்டு முழுக்க வெட்டிய கரும்பின் கூலி, சுதந்திரமாக இருப்பதற்கு ஒவ்வோர் ஆண்டும் கட்ட வேண்டிய வரிக்குக் காசு மாறாமல் சரியாகப் போகும். கட்ட முடியாதவர்கள் மறுபடி ஒப்பந்தத்துக்குப் போனார்கள். சட்டத்தின் நோக்கமே அதுதான்.

1913இல் அது வெடித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் கேப் நீதிமன்ற நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பால் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாதவை என்றானது. தாலி கட்டிக்கொண்டவள் ஒரே நாளில் வைப்பாட்டி ஆனாள். டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போராட்டத் தலைவர்களில் ஒருவரான தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் போன்றவர்கள், சிறை போவதற்கென்றே புறப்பட்டார்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. உரிமம் இல்லாமல் தெருவில் கூவி விற்றுப் பார்த்தார்கள். போலீஸ் கைது செய்யவில்லை. எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார்கள். தொழிலாளிகளிடம் பேசினார்கள். சுரங்கம் நின்றது. கடற்கரைக் கரும்புத் தோட்டங்கள்வரை வேலைநிறுத்தம் பரவியது. பெண்களுக்கு மூன்று மாதச் சிறை. 1914இல் வரியும் போனது, திருமணங்களும் செல்லும் என்றானது.

சுரங்கத்துத் தொழிலாளிகளிடம் அந்தப் பெண்கள் என்ன பேசினார்கள்? வரலாற்றில் பேசினார்கள் என்றுதான் இருக்கிறது, பேச்சு இல்லை. அது தமிழில் நடந்த பேச்சு. கரி படிந்த முகத்தோடு ஷிப்டு முடிந்து வெளியே வந்தவன் முன்னால், தன் அக்கா வயதுள்ள ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு நின்று, முறை வைத்து “தம்பி” என்று கூப்பிட்டிருப்பாள். அந்த அழைப்புக்கு அவன் எப்படி மறுத்துத் தலையாட்டியிருப்பான்? கொடிபிடித்து எழுதிய எத்தனையோ பக்கங்களைவிட அந்தத் “தம்பி” என்ற சொல்லுக்கு வலிமை அதிகம் என்று நம்புகிறேன். தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் கிடைக்கும் வலிமை அது. ஆங்கிலத்தில் எழுதும் கொள்ளுப்பேரன்மாருக்கும் கொள்ளுப்பேத்திகளுக்கும் அந்தச் சொல் கைநழுவிவிட்டது. அவர்கள் ஆவணம் தேடித் தருகிறார்கள். நாம் அந்தச் சொல்லைத் தேடித் தர வேண்டாமா?

முடிக்கும் முன் எங்கள் ஊர் விஷயம் ஒன்று. ஊருக்குத் தெற்கே வாய்க்கால் ஓரமாக ஒரு துண்டு நிலம். அதற்குப் பெயர் கப்பக்காரி கொல்லை. பட்டாவில் வேறு பெயர் இருக்கிறது; ஊர் வாயில் இதுதான் பெயர். சிறு வயதில் அங்கே கொய்யா பொறுக்கப் போவோம். கப்பல் எங்கே, இந்தக் கொல்லை எங்கே என்று ஒருநாள் என் பாட்டியிடம் கேட்டேன். பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது கப்பக்காரியைப் பார்த்திருக்கிறாள். கரும்புச் சீமைக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தவளாம். ஊருக்குள் யாரும் அவளைத் திண்ணையில் உட்கார வைக்கவில்லை, சாவுக்கும் வாழ்வுக்கும் சொல்லியனுப்பவில்லை. கையில் இருந்த காசுக்கு அந்தக் கொல்லையை வாங்கிக் குடிசை போட்டுக் கத்தரியும் மிளகாயும் பயிரிட்டாள். பெயர் என்ன பாட்டி என்று கேட்டேன். பாட்டிக்குத் தெரியவில்லை. அங்கே என்ன நடந்ததாம் என்று கேட்டேன். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“அழுவாளா பாட்டி?” என்று கேட்டேன்.

“அவளா? அழுது நான் பாத்ததில்ல. நல்லாக் கதை சொல்லுவா, பல்லுத் தெரியச் சிரிப்பா. எங்களுக்கெல்லாம் பிஞ்சுக் கத்திரிக்காய்ல காம்பைக் கிள்ளி மாடு பண்ணித் தருவா. ஆனா ஆடு கொல்லைக்குள்ள பூந்துடுச்சுன்னா வச்சுக்கோ, கம்பை எடுத்துக்கிட்டு ஓடிவருவா. அப்ப மட்டும் யாருக்கும் புரியாத பாஷையில கத்துவா. என்ன பாஷையோ. ஆட்டுக்கு மட்டும் புரிஞ்சுது. சிட்டாப் பறந்துடும்.”